உட்கருவைத் துறந்த செல்

நேயர்களுக்கு வணக்கம்.

செல் என்றதும் பள்ளியில் படித்த அந்த ஏணி நினைவுக்கு வரும். செல்கள் சேர்ந்தால் திசு, திசுக்கள் சேர்ந்தால் உறுப்பு, உறுப்புகள் சேர்ந்தால் உறுப்பு மண்டலம். தவறில்லை. ஆனால் ஏன் சேர வேண்டும் என்பதை அந்த ஏணி சொல்வதில்லை. அமீபா ஒற்றைச் செல்லாகவே உண்கிறது, நகர்கிறது, கழிவை வெளியேற்றுகிறது, இரண்டாகப் பிரிகிறது. யார் தயவும் அதற்கு வேண்டாம். நம் உடற்செல் அப்படியில்லை. ஒரு வேலையில் அது கைதேர்ந்ததே வேறு சில வேலைகளைக் கைவிட்டுத்தான். கைவிட்டதை இன்னொரு செல் செய்து கொடுக்க வேண்டும். இரத்தச் சிவப்பணுவை வைத்து இதைப் பார்ப்போம். நேரம் இருந்தால் ஓர் இலைக்கும் போவோம்.

சிவப்பணுவின் குறுக்களவு 7 முதல் 8 மைக்ரோமீட்டர். ஒரு மில்லிமீட்டருக்குள் ஏறத்தாழ 130 அணுக்களை வரிசையாக அடுக்கிவிடலாம். விளிம்பு தடித்து, இரு புறமும் நடு குழிந்த தட்டு வடிவம். இந்தக் குழிவால் இரண்டு லாபம். எந்தப் பக்கத்திலிருந்து ஆக்சிஜன் நுழைந்தாலும் உள்ளிருக்கும் ஹீமோகுளோபினை அடைய அது கடக்கும் தூரம் மிகக் குறைவு. இரண்டாவது, உள்ளிருக்கும் அளவுக்குத் தேவையானதைவிடச் சுமார் 40 விழுக்காடு கூடுதல் சவ்வு. தொளதொள சட்டை போட்ட மாதிரி. அதனால்தான் தன்னைவிடக் குறுகலான தந்துகி என்ற நுண்ணிய இரத்தக் குழாய்க்குள்ளும் மடிந்து நுழைகிறது. மண்ணீரலில் 1, 2 மைக்ரோமீட்டர் அகலமே உள்ள பிளவுகள் உண்டு, அவற்றையும் கடந்துவிடுகிறது.

எலும்பு மஜ்ஜையில் முதிரும்போது இந்தச் செல் தன் உட்கருவையே வெளியே தள்ளிவிடுகிறது. பக்கத்தில் காத்திருக்கும் பெருவிழுங்கி செல் அதை விழுங்கிவிடும். பிறகு ஆக்சிஜனை எரித்து ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாக்களும் போகின்றன. காலியான இடத்தில் சுமார் 27 கோடி ஹீமோகுளோபின் மூலக்கூறுகள். ஒவ்வொன்றும் 4 ஆக்சிஜன் மூலக்கூறுகளைப் பிடிக்கும். மைட்டோகாண்ட்ரியா இல்லாததால், சுமக்கும் ஆக்சிஜனைத் தானே எரித்துத் தீர்ப்பதில்லை. தன் செலவுக்குக் குளுக்கோஸை லாக்டிக் அமிலமாக உடைப்பதில் கிடைக்கும் சொற்ப ஆற்றலே போதும் என்று இருந்துவிடுகிறது.

இதற்குக் கொடுத்த விலை பெரிது. உட்கரு இல்லாததால் தேய்ந்த புரதத்துக்குப் பதில் புதிது செய்ய முடியாது. சவ்வு கிழிந்தால் போதிய பழுதுபார்ப்பு இல்லை. ஆயுள் சுமார் 120 நாள். இரத்த வங்கியில் சரியான பாதுகாப்புக் கரைசலோடு, 2 முதல் 6 டிகிரி செல்சியஸில் வைத்தாலும் 42 நாள்தான். பாதுகாப்புப் பொருள் சேர்க்காமல் உறையவைத்தால் உள்ளே பனிப்படிகம் உருவாகி அணு வெடித்துவிடும். வெறும் தண்ணீரில் போட்டாலும் நீரை உறிஞ்சி, உப்பி, உடையும். இரத்தம் ஏற்றும் குழாயில் 0.9 விழுக்காடு உப்புக் கரைசலைத் தவிர வேறெதையும் கலக்க மருத்துவமனைகள் பொதுவாக விடாததற்கு ஒரு காரணம் இதுதான்.

ஆக, நொடிக்கு 20 லட்சத்துக்கும் மேல் புதிய சிவப்பணுக்கள் பிறந்தாக வேண்டும். எத்தனை வேண்டும் என்று மஜ்ஜைக்குச் சொல்வது யார்? இதயமோ நுரையீரலோ அல்ல, சிறுநீரகம். அதன் சில செல்கள் ஆக்சிஜன் குறைவதை உணர்ந்து எரித்ரோபாய்டின் என்ற ஹார்மோனைச் சுரக்கும். நாள்பட்ட சிறுநீரக நோயாளிக்கு இரத்தசோகை வந்தால் இரும்புச்சத்து மாத்திரை மட்டும் பல சமயம் போதாமல் போவதற்கு இதுவே காரணம். உத்தரவு வராத தொழிற்சாலைக்கு மூலப்பொருள் அனுப்பி என்ன பயன்?

மூலப்பொருளின் கணக்கும் சுவையானது. மஜ்ஜைக்கு நாளொன்றுக்கு 20 முதல் 25 மில்லிகிராம் இரும்பு வேண்டும். குடல் உறிஞ்சித் தருவது 1 முதல் 2 மில்லிகிராம்தான். மிச்சம் முழுக்கப் பழைய இரும்பு. மண்ணீரலிலும் கல்லீரலிலும் உள்ள பெருவிழுங்கிகள் கிழட்டு அணுக்களைப் பிரித்து இரும்பைத் திருப்பி அனுப்புகின்றன. இரத்தப்போக்கு தொடர்ந்தால் இந்தச் சுழற்சியில் ஓட்டை விழுகிறது. புதிய அணுக்கள் சிறுத்து, வெளுத்துப் பிறக்கும். ஆய்வக அறிக்கையில் எம்.சி.வி. என்றிருப்பது அணுவின் சராசரிக் கொள்ளளவு. வளர்ந்தவர்களுக்கு 80 முதல் 100 ஃபெம்டோலிட்டர் இயல்பு. 80-க்குக் கீழே போனதும் இரும்புக் குறைவு என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். அவசரம்! ஹீமோகுளோபின் போதிய அளவு உருவாகாத பரம்பரை நோயான தலசீமியாவின் மரபணுவைச் சுமப்பவர்களுக்கும் அணுக்கள் சிறியவையே. உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவையும் பார்க்காமல் மாதக்கணக்கில் இரும்பு மாத்திரை விழுங்குவது சரியல்ல.

அரிவாள் செல் நோயில் ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறியிருக்கும்: குளுடாமிக் அமிலம் இருக்க வேண்டிய இடத்தில் வாலின். ஆக்சிஜனை இறக்கியதும் ஹீமோகுளோபின்கள் ஒட்டி நீண்ட நார்களாகின்றன. மடிய வேண்டிய அணு விறைத்துத் தந்துகியை அடைக்கிறது. ஆயுள் 10 முதல் 20 நாளாகச் சுருங்க, மஜ்ஜை ஈடுகொடுக்க முடியாமல் திணறுகிறது.

நரம்பு செல் செய்துகொண்ட பேரம் வேறு. உட்கருவை வைத்துக்கொண்டது, பிரியும் திறனை விட்டது. கீழ் முதுகிலிருந்து கால் விரல் வரை ஒரே செல்லின் இழை ஏறக்குறைய 1 மீட்டர் ஓடுகிறது. மணிக்கட்டில் வெட்டுப்பட்ட நரம்பைத் தைத்தால், இழை நாளொன்றுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர்தான் வளரும். விரல் நுனியில் உணர்ச்சி திரும்ப மாதங்கள் ஆகும்.

இனி இலை. இதை நீங்களே பார்க்கலாம். வழுவழுப்பான இலையின் அடிப்பக்கத்தில், நடு நரம்பை விட்டுத் தள்ளி, நிறமில்லாத நகப்பூச்சை மெல்லியதாகப் பூசுங்கள். கால் மணி நேரம் காயட்டும். அதன் மேல் ஒளி ஊடுருவும் ஒட்டுநாடாவை அழுத்தி, மெதுவாக உரித்துக் கண்ணாடித் தகட்டில் ஒட்டுங்கள். பூச்சில் இலைப்பரப்பின் அச்சு பதிந்திருக்கும். நுண்ணோக்கியில் 100 மடங்கில் தேடி, 400 மடங்கில் பாருங்கள். பூச்சு தடித்தால் குமிழி விழும். கரிய தடித்த விளிம்போடு வட்டமாகத் தெரிவது குமிழி, செல் அல்ல. அவசரப்பட்டு உரித்தால் அச்சு இழுபட்டுக் கோணும்.

எதிரெதிரே வைத்த இரண்டு அவரை விதைகள் போலத் தெரிபவை காப்பு செல்கள், நடுவே இலைத்துளை. பொட்டாசியம் உள்ளே வர, நீர் பின்தொடர, செல்கள் விறைத்து வளைந்து துளை திறக்கும். தாவரச் செல்கள் பெரும்பாலும் சுவரிலுள்ள நுண்ணிழைப் பாதைகளால் பக்கத்துச் செல்லோடு இணைந்தே இருக்கும். காப்பு செல் முதிரும்போது அந்தப் பாதைகள் செயலற்றுப்போகின்றன. இல்லாவிட்டால் சேர்த்த பொட்டாசியம் பக்கத்து வீட்டுக்கு ஒழுகிவிடும், அழுத்தமும் நிற்காது. அதனால்தான் ஒரே அச்சில் ஒரு துளை அகலத் திறந்தும், அடுத்தது மூடியும் இருப்பதைப் பார்ப்பீர்கள்.

நன்றி, வணக்கம்.