உள்ளே இருக்கும் நாடா

நேயர்களுக்கு வணக்கம். சென்னையில் பெண்கள் நல மருத்துவராக இருக்கிறேன். இன்று பேசப்போவது, அம்மாவும் மகளும்கூடத் தங்களுக்குள் பேசிக்கொள்ளாத ஒரு விஷயம். இருமினால், தும்மினால், தண்ணீர் லாரியில் பிடித்த குடத்தைத் தூக்கினால் சிறுநீர் கசிவது. ‘ரெண்டு புள்ள பெத்தா அப்படித்தான்’ என்று அடர்நிறப் புடவையாகத் தேடிக் கட்டிக்கொண்டு, கல்யாண வீட்டில் கடைசி வரிசையில் உட்கார்ந்து வருடங்களை ஓட்டுகிற பெண்களை வாராவாரம் பார்க்கிறேன்.

இதற்கு முதல் வைத்தியம் ஆபரேஷன் இல்லை. சிறுநீரை அடக்க உதவும் இடுப்புத்தளத் தசைகளைச் சுருக்கி விடும் பயிற்சிதான். முறையாகக் கற்றுக்கொண்டு மூன்று மாதம் விடாமல் செய்தால் பலருக்கு அதிலேயே குணம் தெரியும். தெரியாதவர்களுக்குத்தான் ஸ்லிங். சிறுநீர்க்குழாயின் நடுப்பகுதிக்கு அடியில் தூளி கட்டினாற்போல் தாங்கி நிற்கும், சுமார் ஒரு சென்டிமீட்டர் அகலமுள்ள, பாலிபுரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக் இழையால் ஆன வலை நாடா. 1990களில் ஸ்வீடன் மருத்துவர் உல்ஃப் உல்ம்ஸ்டென் கொண்டுவந்த முறை.

“வலை வெச்சா ஆபத்துன்னு ஃபோன்ல வருதே டாக்டர்?” என்று கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். 2019 ஏப்ரலில் அமெரிக்காவில் விற்பனையை நிறுத்தச் சொன்னது, சிறுநீர்ப்பை, கர்ப்பப்பை போன்றவை கீழே இறங்குவதைச் சரிசெய்யப் பிறப்புறுப்பு வழியாக வைக்கும் பெரிய வலையை. கசிவுக்கான நாடாவை அல்ல. ஆனால் இங்கிலாந்தில் 2018 ஜூலையில் இந்த நாடாவையும் நிறுத்திவைத்தார்கள். வலியால் துடித்த பெண்கள் வருடக்கணக்கில் போராடியதால் நடந்தது அது. அவர்கள் சொன்ன வலியைப் பல மருத்துவர்கள் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. என் துறைக்கு அது தலைகுனிவு.

நாடா பலன் தருகிறதா? தருகிறது. ஆரம்ப காலத்தில் வைத்துக்கொண்ட பெண்களை 17 வருடம் கழித்துச் சோதித்தபோது, பரிசோதனைக்கு வந்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் கசிவு இல்லை. இன்னொரு பக்கம், இங்கிலாந்தில் நாடா வைத்த சுமார் 95,000 பெண்களின் பதிவுகளை ஆராய்ந்ததில், 9 வருடத்துக்குள் 3.3 சதவீதம் பேருக்கு அதை முழுதாகவோ பகுதியாகவோ எடுக்க வேண்டி வந்திருக்கிறது. நூறில் மூன்று பேர். சின்ன எண்தான், அந்த மூன்றில் ஒருவராக இல்லாதவரை.

எடுப்பது ஏன் கஷ்டம்? சுவர் இடுக்கில் முளைத்த அரசங்கன்றைப் பிடுங்கிப் பார்த்திருப்பீர்கள். வேரோடு காரையும் பெயர்ந்து வரும். வலையின் கண்களுக்குள் சதை வளர்ந்து பிடித்துக்கொள்வதால்தான் அது தாங்குகிறது. அதே காரணத்தால்தான் சுலபமாக வெளியே வருவதுமில்லை.

என்னிடம் ஒரு அம்மா வந்தார். நாடா வைத்துப் பத்து வருடம் ஆகியிருந்தது. தாம்பத்தியத்தின்போது கணவருக்கு ஏதோ முள் மாதிரி குத்துகிறதாம். இரண்டு வருடமாக யாரிடமும் சொல்லவில்லை. சோதித்தால், பிறப்புறுப்பின் மேல்சுவரில் மீன் முள் போல இரண்டு இழை விரலில் தட்டுப்பட்டது. டிஸ்சார்ஜ் சம்மரியைக் கேட்டேன். ‘ஸ்லிங் வைக்கப்பட்டது’ என்று ஒரே வரி. எந்தக் கம்பெனி நாடா, அடிவயிற்றுப் பக்கமாகப் போனதா, தொடை இடுக்குப் பக்கமாகப் போனதா, எதுவும் இல்லை. ஸ்கேன் எடுத்து, சிறுநீர்ப்பைக்குள் கேமரா விட்டுப் பார்த்துத்தான் வழியைக் கண்டுபிடித்தேன். துருத்திய பகுதியை வெட்டி எடுத்தேன். குத்தல் நின்றது. கசிவு கொஞ்சம் திரும்பிவிட்டது.

அதனால் ஆபரேஷனுக்கு முன்பே கேளுங்கள். என்ன நாடா, எந்த வழியாக, நாளைக்கு எடுக்க வேண்டி வந்தால் யார் எடுப்பார்? உங்கள் வயிற்றுத் தசையின் உறையிலிருந்தே பட்டை எடுத்துத் தாங்கல் கொடுக்கும் முறையும் உண்டு, தழும்பு பெரிது, தேறவும் நாளாகும், அதையும் விசாரியுங்கள். வைத்த பிறகு எத்தனை வருடமானாலும் ரத்தக் கசிவு, தொடை இடுக்கு வலி, அடிக்கடி நீர்க்கடுப்பு, சிறுநீர் முக்கிப் போவது என்று எது வந்தாலும், நாடா வைத்திருப்பதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

நாடா வரும் பெட்டியில் எண்ணோடு ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதை உங்கள் டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒட்டித் தரச் சொல்லுங்கள். அந்தத் தாளை ரேஷன் கார்டு இருக்கும் கவரிலேயே போட்டுவையுங்கள், அது எங்கே இருக்கிறதென்று மகளிடமும் காட்டிவிடுங்கள். வணக்கம்.