சிறகு சில நாள், புற்று பல மாதம்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

ஐரோப்பாவின் ஈரப் புல்வெளிகளில் வாழும் இரண்டு நீலன் வண்ணத்துப்பூச்சிகளைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். ஒன்று ஃபெங்காரிஸ் டெலியஸ், மற்றொன்று ஃபெங்காரிஸ் நௌசித்தௌஸ். ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் இவை பறக்கும். ஒரு வண்ணத்துப்பூச்சி சிறகோடு வாழ்வது சில நாள்தான். நாம் படம் எடுப்பதும் கணக்கெடுப்பதும் அந்தச் சில நாளைத்தான். மிச்ச ஆண்டெல்லாம் அது எங்கே கிடக்கிறது? அதைக் கேட்காமல் இதைக் காப்பாற்றவே முடியாது.

இரண்டுக்கும் முட்டையிட ஒரே செடிதான்: சாங்குவிசோர்பா அஃபிசினாலிஸ். ரோஜாக் குடும்பத்தைச் சேர்ந்தது. நீண்ட காம்பின் நுனியில் கருஞ்சிவப்பாகப் பூத்திரள் நிற்கும். டெலியஸ் இளம்பச்சை மொட்டுக்குள் முட்டையைச் செருகும். நௌசித்தௌஸ் சிவந்து முற்றிய பூத்திரளைத் தேடிப் போகும். ஒரே செடியைச் சண்டையில்லாமல் பகிர்ந்துகொள்கிற இந்த ஏற்பாடு எனக்கு எப்போதும் வியப்புதான்.

புழு பூவின் சூலைத் தின்று இரண்டு மூன்று வாரம் வளரும். நான்காம் வளர்ச்சிப் பருவத்தை எட்டியதும் செடியை விட்டுவிட்டு மண்ணில் விழுந்து காத்திருக்கும். மிர்மிக்கா என்ற செவ்வெறும்பு வந்து தொட்டுப் பார்க்கும். புழுவின் தோலில் எறும்புக் குஞ்சின் வாசனை இருக்கும். தன் குஞ்சு என்று நம்பி, எறும்பு அதைக் கவ்விக்கொண்டு புற்றுக்குள் போகும்.

உள்ளே நடப்பதைக் கேளுங்கள். குயில் குஞ்சு காக்கை ஊட்டுவதை வாங்கித் தின்னும். இந்தப் புழுவோ தன்னைத் தூக்கி வந்த வீட்டின் முட்டைகளையும் குஞ்சுகளையும் தின்கிறது. குளிர்காலம் முழுக்க அங்கேதான். சில புழுக்கள் இன்னுமொரு வருடம் தங்கிவிடுவதும் உண்டு. முழு வளர்ச்சியில் இருக்கும் எடையில் கிட்டத்தட்ட எல்லாமே, நூற்றுக்கு 98 பங்கு, புற்றுக்குள் சேர்த்ததுதான். ஒரு புழுவை வளர்க்கவே புற்றின் குஞ்சுகளில் பெரும்பகுதி போய்விடும். அதனால் புற்றுகள் நெருக்கமாக இல்லாத வெளியில் செடி எவ்வளவு பூத்தாலும் பயனில்லை. கோடையில் புழு புற்றுக்குள்ளேயே கூட்டுப்புழுவாகி, பிறகு வண்ணத்துப்பூச்சியாகி, சிறகு விரியாத நிலையிலேயே அவசரமாக வெளியேறும். அப்போது பழைய வாசனையின் பாதுகாப்பு அதற்கு இல்லை.

எந்த எறும்பு என்பதும் முக்கியம். நௌசித்தௌஸுக்குப் பெரும்பாலும் மிர்மிக்கா ரூப்ரா, டெலியஸுக்குப் பெரும்பாலும் மிர்மிக்கா ஸ்காப்ரினோடிஸ். புல் எவ்வளவு உயரம், மண்ணில் எவ்வளவு வெயில் விழுகிறது என்பதைப் பொறுத்து எறும்பு மாறும். புல்லின் உயரத்தைத் தீர்மானிப்பது காய்ந்த தீவனத்துக்காக அதை அறுக்கும் விவசாயி.

இங்கேதான் சிக்கல். ஜூலை, ஆகஸ்டில் அறுத்தால் முட்டையும் புழுவும் பூவோடு சேர்ந்து போய்விடும். அறுப்பதையே நிறுத்தினால் நாணலும் புதரும் ஏறி, செடியும் எறும்பும் ஒழியும். உரம் போட்டால் புல் அடர்ந்து மண் நிழலாகிவிடும். ஆகவே வேலி போட்டு 'யாரும் தொடாதே' என்று எழுதி வைப்பது இந்த நீலன்களைக் கொல்லும் வழி என்றே சொல்வேன். ஜூன் நடுவுக்கு முன் ஓர் அறுப்பு, செப்டம்பர் நடுவுக்குப் பின் இன்னோர் அறுப்பு, இடையில் கை வைக்கக் கூடாது. வெளி முழுவதையும் ஒரே நாளில் அறுக்கவும் கூடாது.

நெதர்லாந்தில் இரண்டும் 1970-களில் மறைந்தன. 1990-இல் போலந்திலிருந்து கொண்டுவந்து, டென் போஸ் நகருக்கு அருகே மோயர்புட்டன் புல்வெளியில் விட்டார்கள். டெலியஸ் அந்தப் புல்வெளியில் தங்கியது. நௌசித்தௌஸ் தன் எறும்பு இருக்கும் இடத்தைத் தேடிச் சாலையோரப் புல் விளிம்புகளுக்குப் போனது. அங்கே அதன் பிழைப்பு, அந்த விளிம்பை எந்த மாதம் அறுக்கிறார்கள் என்பதைப் பொறுத்தே இருந்தது.