கருப்பட்டிக்கு இன்று இரண்டாவது ஊசி

வணக்கம். கரகரவென்று சத்தம் வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், மடியில் இருக்கும் என் நாய்க்குட்டி கருப்பட்டி மைக் ஒயரைக் கடித்துக்கொண்டிருக்கிறான். பிறந்து 66 நாள். காலையில்தான் இரண்டாவது ஊசி போட்டுக்கொண்டு வந்தோம்.

மருத்துவர் மேஜையில் இரண்டு சின்னக் குப்பிகளை வைத்தார். ஒன்றின் அடியில் கற்பூரத் துண்டு போல வெள்ளையாக ஒட்டிக்கொண்டிருந்தது பார்வோ, டிஸ்டெம்பர், கல்லீரல் அழற்சி ஆகிய வைரஸ் நோய்களுக்கான தடுப்பு மருந்து. இன்னொன்றில் இருந்த திரவம் கரைப்பதற்கான வெறும் தண்ணீர் என்றே இத்தனை நாள் நினைத்திருந்தேன். எலிக்காய்ச்சலுக்கான தடுப்பு மருந்தே அதுதானாம். இரண்டையும் கலந்து, பிடரித் தோலைத் தூக்கிப் பிடித்து ஏற்றினார். பிறகு குப்பியின் லேபிளை உரித்துத் தடுப்பூசி அட்டையில் ஒட்டினார். அந்த லேபிளைக் கேட்டு வாங்குங்கள்.

இவனுக்கு முன் நான் வாங்கிய குட்டி மணியின் அட்டையில் லேபிள் இல்லை, ஒரு கிறுக்கல்தான் இருந்தது. "ஊசியெல்லாம் போட்டாயிற்று சார்" என்றார் விற்றவர். எல்லாம் என்றால், 45-ஆம் நாளில் போட்ட ஒரே ஒரு ஊசி. நான் நம்பித் தெருவில் நடக்க விட்டேன். ஒரே வாரத்தில் வாந்தி, பிறகு ரத்தக் கழிச்சல். அந்த வாடை இன்னும் மூக்கில் இருக்கிறது. நான்கு நாள் டிரிப்ஸ் ஏற்றியும் பிழைக்கவில்லை.

ஊசி போட்டும் பார்வோ ஏன் வந்தது? சீம்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி குட்டியின் உடம்பில் மிச்சமிருந்தால், ஊசி மருந்தையும் வந்த நோய் என்றெண்ணி அடித்து விரட்டிவிடும். அது எப்போது வடியும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். அதனால்தான் 2 முதல் 4 வாரத்துக்கு ஒரு முறை, குறைந்தது 16 வாரம் முடியும்வரை போட்டுக்கொண்டே போகிறார்கள். முந்தைய ஊசி வீணாகியிருந்தாலும் கடைசி ஊசி பிடித்துக்கொள்ளும். அதுவரை தெருவில் இறக்காதீர்கள். பார்வோ கிருமி மண்ணில் ஓராண்டுக்கு மேல்கூடக் கிடக்கும். வாசனைத் திரவம் ஊற்றித் துடைத்தால் சாகாது, பிளீச்சிங் கரைசல்தான் வேண்டும். மணி படுத்திருந்த பின்கட்டைக் கழுவிவிட்டு, இரண்டு வருடம் கழித்துத்தான் இவனைக் கொண்டுவந்தேன்.

ரேபிஸ் ஊசி தனி. மூன்று மாத வயதில் ஒன்று, பிறகு நம் ஊரில் ஆண்டுதோறும். 1885 ஜூலை 6 அன்று லூயி பாஸ்டர் நாய் கடித்த சிறுவன் ஒருவனுக்கு முதன்முதலாக அந்தத் தடுப்பூசியைப் போட்டார். அந்த நாளையொட்டி அரசுக் கால்நடை மருத்துவமனைகள் பலவற்றில் இலவச முகாம் நடக்கும், விசாரித்துப் பாருங்கள். செலவை மிச்சப்படுத்த மருந்துக்கடையில் வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வருகிறவர்களைப் பார்க்கிறேன். 2 முதல் 8 டிகிரிக் குளிரில் இருக்க வேண்டிய மருந்து அது. வெயிலில் வந்து சேர்ந்தால் குத்தின வலிதான் மிச்சம்.

பூனை வளர்ப்பவர்கள், "வீட்டைவிட்டே போகாத பூனைக்கு எதற்கு ஊசி?" என்பீர்கள். பூனை போகாது, உங்கள் செருப்பு போகிறதே. பூனைகளைக் கொல்லும் பான்லுகோபீனியா, பார்வோவுக்குப் பங்காளி. செருப்படியிலேயே வீட்டுக்குள் வந்துவிடும்.

ஊசி போட்டதும் அரைமணி நேரம் மருத்துவமனை வாசலிலேயே உட்கார்ந்திருந்தோம். முகம் வீங்கினாலோ மூச்சு வாங்கினாலோ உடனே உள்ளே ஓடத்தான். இவனுக்கு ஒன்றுமில்லை, பிடரியில் சுண்டைக்காய் அளவு தடிப்பு மட்டும். இதோ, ஒயரை விட்டுவிட்டுத் தூங்கிவிட்டான். அடுத்த ஊசி 87-ஆம் நாள். காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருக்கிறேன்.