வறண்ட சீமையில் திராட்சைக் கொடி

நேயர்களுக்கு வணக்கம். ராதாபுரம், வள்ளியூர், திசையன்விளைப் பக்கம் கொஞ்சம் நிலமும் ஒரு கிணறும் வைத்திருப்பவர்களை நினைத்துத்தான் இன்று பேச வந்திருக்கிறேன். திராட்சை என்றதும், "அது கம்பத்துக்காரங்க பயிரு, நம்ம வெயிலுக்கு வராது" என்பார்கள். வெயிலுக்கு நன்றாகவே வரும். நம் பக்கம் கொடியைக் கெடுப்பது ஆடிக் காற்றும், நேரம் தப்பிப் பெய்கிற மழையும்தான்.

நம்மைவிடக் காய்ந்த நாட்டில் என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். ஆப்பிரிக்கக் கரையை ஒட்டி, ஸ்பெயினுக்குச் சொந்தமான லான்சரோட்டே தீவு இருக்கிறது. ஆண்டு முழுக்க 150 மில்லிமீட்டர் அளவுதான் மழை. ஆறு கிடையாது. 1730 முதல் 1736 வரை எரிமலை கக்கிய சாம்பல் விளைநிலத்தை மூடிவிட்டது. அந்த இடத்தில்தான் இன்று ஒயின் திராட்சை விளைகிறது! அடியில் கிடக்கும் பழைய மண் தட்டும்வரை சாம்பலில் குழி பறிக்கிறார்கள். ஆள் உயரத்துக்குக்கூடத் தோண்டுவது உண்டு. குழிக்குள் கொடி வைத்து, காற்று வரும் பக்கம் அரைவட்டமாகக் கல் அடுக்கிவிடுவார்கள். மேலே கிடக்கும் சாம்பல் மழைநீரை உள்ளே விடும், ஈரத்தை வெளியே விடாது. குழிக்குள் இயந்திரம் இறங்க முடியாது என்பதால் எல்லாமே கைவேலை.

நமக்கு எரிமலைச் சாம்பல் கிடையாது. ஆனால் மூடாக்குப் போடப் பனையோலையும் கடலைத் தோலும் இருக்கின்றன. சொட்டுநீர்க் குழாயின் மேலேயே மூடாக்கு கிடக்கட்டும். காற்றாலைக்காரர்கள் தேடி வந்த காற்று நம் காற்று. ஆனியில் தளிர்விட்டு நிற்கும் கொடி அதன் அடியைத் தாங்காது. அதனால் தோட்டத்தின் மேற்கே பனையோலைத் தட்டி கட்டுங்கள், அல்லது நெருக்கமாக மரம் வையுங்கள். பந்தல் போடும் முன்பே இந்த வேலை முடிந்திருக்க வேண்டும். கிணற்றுத் தண்ணீர் உப்பாக இருந்தால் வெறும் குச்சியை ஊன்றாதீர்கள். டாக்ரிட்ஜ் என்ற திராட்சை வகையை வேர்ப்பகுதியாக வைத்து, அதன்மேல் ஒட்டுக்கட்டிய கன்று உப்பையும் வறட்சியையும் நன்றாகத் தாங்கும். மகாராஷ்டிரத்துத் திராட்சைத் தோட்டங்கள் பலவும் அதன்மேல்தான் நிற்கின்றன.

அடுத்தது கவாத்து, அதாவது கொடியின் கிளைகளை வெட்டிவிடுவது. இதில்தான் சூட்சுமமே இருக்கிறது. குளிர்நாட்டில் கொடி பனிக்காலம் முழுக்க உறங்கும், ஆண்டுக்கு ஒரே அறுவடை. நம் கொடிக்கு உறக்கம் கிடையாது; நாம் வெட்டுகிற நாள்தான் அதற்குப் புத்தாண்டு. வெட்டி ஏறத்தாழ நான்கு மாதத்தில் பழம் கைக்கு வரும். மார்கழி, தை மாதங்களில் கவாத்து செய்தால் சித்திரையை ஒட்டிப் பறிக்கலாம். வைகாசியில் மறுபடி வெட்டினால் புரட்டாசிக்குள் பறித்துவிடலாம், ஐப்பசி அடைமழைக்குப் பழம் சிக்காது. மழையில் தளிரோ பூவோ மாட்டினால் அடிச்சாம்பல் என்கிற பூஞ்சண நோய் வந்து குலையோடு போய்விடும். சித்திரைப் பழம்தான் நம் ஊருக்கு உத்தமம் என்பது என் எண்ணம். வைகாசிக் கவாத்தில் பூ எடுக்கும் நேரமும் காற்றும் ஒன்றாக வருவதால், முதல் இரண்டு ஆண்டு அதைத் தொடாமல் விடுவது நல்லது.

ஒயினைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். கிறிஸ்துமஸ் நெருங்கினால் பாளையங்கோட்டைப் பக்கம் அந்தப் பேச்சு வராத தெரு ஏது? ஒயின் தயாரிக்க அரசின் உரிமம் வேண்டும், அது வேறு விஷயம். பழத்தைப் பொறுத்தவரை ஒன்று சொல்கிறேன். வெயிலில் சர்க்கரை சீக்கிரம் ஏறும், ஆனால் இரவும் புழுக்கமாக இருந்தால் பழத்தின் புளிப்பு வேகமாகக் கரைந்துவிடும். புளிப்பில்லாத சாற்றில் நல்ல ஒயின் வராது, சாறாகக் குடித்தாலும் சப்பென்று இருக்கும். பகலில் இலை நிழல் குலைமேல் விழுகிற மாதிரி பந்தலை வைத்துக்கொள்ளுங்கள். பறிப்பது விடியற்காலையிலேயே இருக்கட்டும்.

பன்னீர் திராட்சை கறுத்துவிட்டது என்பதற்காக மட்டும் பறிக்காதீர்கள். பறித்த பின் திராட்சை பழுக்காது. குலையின் நுனியில் இருக்கும் பழத்தைத் தின்று பாருங்கள், கடைசியாக இனிப்பு ஏறுவது அங்கேதான். அது இனித்து, நாக்கில் லேசாகப் புளிப்பும் தங்கினால் கத்திரியை எடுக்கலாம்.

நன்றி, வணக்கம்.