சரியான விடைக்கு 2, தவறான விடைக்கு 4: அன்றைக்கு நடந்தது இதுதான்

எல்லோருக்கும் வணக்கம். திருமங்கலத்தில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் இருந்து பேசுகிறேன். ஆடி மாதம், தெருமுனை அம்மன் கோவிலில் மைக் செட் கட்டியிருக்கிறார்கள். கொஞ்சம் சத்தம் கேட்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். கையில் இருப்பது பத்தாம் வகுப்பு முதல் இடைத்தேர்வுக் கட்டு. இயற்கணிதம். திருத்திக் கொடுத்து, வீட்டில் கையெழுத்து வாங்கித் திரும்பி வந்த தாள்கள்.

தாள் கொடுத்த மறுநாள் காலையிலேயே ஒரு பையனின் அப்பா பள்ளிக்கு வந்துவிட்டார். கொத்தனார். வேலைக்குப் போகிற வழி, சாப்பாட்டுத் தூக்கு வண்டியிலேயே தொங்குகிறது. "டீச்சர், எம்பையன் விடை சரியா எழுதியிருக்கான், ரெண்டு மார்க். பக்கத்து வீட்டுப் பையன் தப்பா எழுதியிருக்கான், அவனுக்கு நாலு மார்க். இது என்ன கணக்கு?" என்றார். கோபமாகக் கேட்கவில்லை. புரியாமல் கேட்டார். நியாயமான கேள்வி. இன்றைக்கு முழுக்க அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

முதலில் கேள்வியைச் சொல்கிறேன். எக்ஸ் பவர் 4, மைனஸ் 6 எக்ஸ் கியூப், ப்ளஸ் 13 எக்ஸ் ஸ்கொயர், மைனஸ் 12 எக்ஸ், ப்ளஸ் 4. இதன் வர்க்கமூலம் காண்க. ஐந்து மதிப்பெண். விடை எக்ஸ் ஸ்கொயர் மைனஸ் 3 எக்ஸ் ப்ளஸ் 2, இரண்டு பக்கமும் மட்டுக் கோடு போட்டு, அதாவது குறியை விட்டு மதிப்பை மட்டும் எடுக்கச் சொல்கிற நிமிர்ந்த கோடு. வகுத்தல் முறையில்தான் வகுப்பில் செய்து காட்டியிருந்தேன்.

இதோ, நாலு வாங்கிய தாள். பெயரை மறைத்திருக்கிறேன். கேமராவுக்குப் பக்கத்தில் காட்டுகிறேன், தெரிகிறதா? முதல் உறுப்பு எக்ஸ் ஸ்கொயர், சரி. அதை இரண்டு மடங்காக்கி 2 எக்ஸ் ஸ்கொயர், சரி. அடுத்த உறுப்பு மைனஸ் 3 எக்ஸ், அதுவும் சரி. கீழே மைனஸ் 6 எக்ஸ் கியூப் ப்ளஸ் 9 எக்ஸ் ஸ்கொயர் எழுதியிருக்கிறான். இப்போது கழிக்க வேண்டும். 13இல் 9 போனால் 4. இவன் குறியை மாற்றாமல் கூட்டிவிட்டான், 22 வந்துவிட்டது. என் சிவப்பு வட்டம் அங்கேதான் இருக்கிறது, பாருங்கள். ஒரே ஒரு வட்டம்.

அதற்குப் பிறகு அவன் செய்தது ஒவ்வொன்றும் முறைப்படி சரி. 22 வந்ததால் அடுத்த உறுப்பு 11. பெருக்கி, இந்த முறை ஒழுங்காகக் கழித்து, மீதி 54 எக்ஸ் மைனஸ் 117 என்று எழுதியிருக்கிறான். நானும் தனியாகப் போட்டுப் பார்த்தேன், அந்தத் தவறான 22இல் இருந்து போனால் சரியாக அதுதான் வரும். இன்னொன்றையும் பாருங்கள், ஓரத்தில் பென்சிலில் எழுதியிருப்பதை: "மீதி 0 வரணும். எங்கேயோ குறி தப்பு." நேரம் முடிந்துவிட்டது, தேடிப் பிடிக்க முடியவில்லை. ஆனால் தவறு இருப்பது தெரிந்திருக்கிறது. மீதியை அழித்து 0 என்று போட்டுவைத்த தாள்கள் இதே கட்டில் மூன்று இருக்கின்றன. இவன் அப்படிச் செய்யவில்லை.

நான் பிரித்த விதம்: முதல் உறுப்புக்கு 1, இரண்டாவது உறுப்புக்கு 1, கழித்தலுக்கு 1, மூன்றாவது உறுப்பு காணும் முறைக்கு 1, விடைக்கு 1. கழித்தலும் விடையும் போனால் மிச்சம் 3. அந்தப் பென்சில் வரிக்கு ஒன்று சேர்த்தேன், ஆக 4. பொதுத்தேர்வு விடைத்தாளில் ஓரத்துக் குறிப்புக்கு மதிப்பெண் கிடையாது, அதையும் அவனிடம் சொல்லிவிட்டேன். ஆனால் இது என் வகுப்புத் தேர்வு. பத்தாம் வகுப்புக் கணக்கில் செய்முறை மதிப்பெண், அகமதிப்பீட்டு மதிப்பெண் எதுவும் இல்லை. மார்ச், ஏப்ரலில் எழுதும் அந்த 3 மணி நேரத் தாள்தான் 100க்கு 100. அதனால் நான் இப்போது போடுகிற மதிப்பெண் சான்றிதழில் ஏறாது. அது ஏறாது என்பதால்தான் பிள்ளைக்குப் பயன்படுகிற மாதிரி போட முடிகிறது. எங்கே சறுக்கியது என்று அது காட்ட வேண்டும். அதைத்தான் ஜூன் மாதம் முதல் நாளே வகுப்பில் சொன்னேன். அழிக்காதே, ஒரு கோடு போட்டு அடித்துவிட்டுக் கீழே எழுது. நீ எங்கே தப்பினாய் என்று எனக்கும் தெரிய வேண்டும், உனக்கும் தெரிய வேண்டும்.

அந்த அண்ணன் தாளைக் கையில் வாங்கி வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் சொன்னார்: "ஓ. மூணாவது வரியில மட்டம் தப்பிருச்சு. அதுக்கு மேல ஒழுங்காத்தான் கட்டியிருக்கான்." இருபது வருடமாகப் பாடம் எடுக்கிறேன், இவ்வளவு தெளிவாக நான் யாருக்கும் விளக்கியதில்லை. உடனே அடுத்ததையும் கேட்டார்: "சரி டீச்சர், அவனுக்கு நாலு சரி. எம்பையனுக்கு ஏன் ரெண்டு?"

அவர் பையன் தாளில் கேள்வி எண், அடுத்த வரியில் விடை. நடுவில் ஒன்றும் இல்லை. முதல் உறுப்புக்கு ஒன்று, விடைக்கு ஒன்று என்று 2 போட்டிருந்தேன். பக்கத்துத் தாளைப் பார்த்து எழுதியிருப்பான் என்று மனதுக்குள் நினைத்தேன் என்பதையும் ஒளிக்காமல் சொல்கிறேன். மதியம் சாப்பாட்டு மணி அடித்ததும் அவனைக் கூப்பிட்டு, எப்படிப் போட்டாய் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தான். அப்புறம் சொன்னான்: "எக்ஸ் பவர் 4க்கு எக்ஸ் ஸ்கொயர் டீச்சர். கடைசியில 4, அதுக்கு 2 இல்லேன்னா மைனஸ் 2. நடுவுல மைனஸ் 6, அதுல பாதி மைனஸ் 3. மூணோட வர்க்கம் 9. இந்த 2ஐ எடுத்தா அதோட ரெண்டு மடங்கு 4, 9ம் 4ம் 13. மைனஸ் 2ஐ எடுத்தா 9ல 4 போயி 5. கேள்வியில 13 இருக்கு. அதனால ப்ளஸ் 2."

முழுக்க முழுக்கச் சரி. கெழுக்களை, அதாவது எக்ஸுக்கு முன்னால் நிற்கிற எண்களை, ஒப்பிட்டுப் பார்க்கிற முறை அது. நான் அதை இந்தப் பிள்ளைகளுக்கு நடத்தவே இல்லை. அவனாகக் கண்டுபிடித்திருக்கிறான். அதே இடத்தில் தாளைக் கொடுத்து, இப்போது சொன்னதை அப்படியே எழுது என்றேன். ஆறு வரி எழுதினான். 2ஐ அடித்துவிட்டு 5 போட்டேன்.

விடை சரியாக இருக்கும்போது படி எதற்கு, ராமானுஜன் படி எழுதினாரா என்று சில பெற்றோர் கேட்பார்கள். அவர் கையில் காகிதம் தாராளமாக இருந்ததில்லை. சிலேட்டில் போட்டு, அழித்து, முடிவை மட்டும் நோட்டில் எழுதிவைத்தார். 1913இல் அவர் இங்கிலாந்துக் கணித அறிஞர் ஹார்டிக்குக் கடிதம் எழுதியபோது, பதிலில் ஹார்டி கேட்டது நிரூபணங்களைத்தான். நம் பிள்ளைகள் கையில் காகிதம் இருக்கிறது. பொதுத்தேர்வில் திருத்துகிறவர் இந்தப் பையனைக் கூப்பிட்டுக் கேட்கப் போவதில்லை, விடைக்குறிப்பில் மதிப்பெண் படிப்படியாகத்தான் பிரிந்திருக்கும். அதனால் எழுதச் சொல்கிறேன். ஆனால் இனி ஒரு பிள்ளை விடையை மட்டும் எழுதினால், கூப்பிட்டுக் கேட்காமல் மதிப்பெண்ணைக் குறைக்கக்கூடாது என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

வகுப்பில் எதிர்பார்க்கிற இன்னும் ஒன்றிரண்டு. "அந்தப் பக்கம் போனா குறி மாறும்" என்று சொல்லக்கூடாது. எக்ஸ் ப்ளஸ் 5 ஈக்வல் டு 8 என்றால், இருபுறமும் 5ஐக் கழிக்க என்று எழுத வேண்டும். தானாக எதுவும் அந்தப் பக்கம் போவதில்லை. மேலே பார்த்த 22 மாதிரித் தவறுகளில் பாதி, ஏன் குறி மாறுகிறது என்று தெரியாமல் மனப்பாடமாக மாற்றுவதில் இருந்துதான் வருகிறது.

வீட்டுப்பாடம் ஒரு நாளைக்கு ஐந்து கணக்கு, அதற்கு மேல் கொடுப்பதில்லை. என் வகுப்பில் விடியற்காலை நாலு மணிக்கு மல்லிகை பறிக்கத் தோட்டத்துக்குப் போய்விட்டு, பூவை அனுப்பிவிட்டு அப்படியே பள்ளிக்கு வருகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். விரலில் பூ வாசம் போயிருக்காது. அந்தப் பிள்ளை மூன்று கணக்குப் போட்டு, நாலாவதில் முட்டி நின்ற இடத்தைக் காட்டினால் எனக்கு அது போதும். இருபது கணக்கைப் பார்த்து எழுதிக்கொண்டு வந்தால் என்ன செய்ய?

35 எடுத்தால் போதும் என்று பயந்து கேட்கிற வீடுகளுக்கு: பொதுத்தேர்வுத் தாளில் ஒரு மதிப்பெண் கேள்வி 14, இரண்டு மதிப்பெண் கேள்வி 14இல் 10 எழுத வேண்டும், ஐந்து மதிப்பெண் கேள்வியிலும் 14இல் 10, கடைசியில் செய்முறை வடிவியலுக்கும் வரைபடத்துக்கும் எட்டு எட்டாக 16. வரைபடம் இயற்கணிதப் பாடத்தில்தான் இருக்கிறது. அட்டவணை போட்டு, அளவுத்திட்டம் எழுதி, புள்ளி குறித்து, வளைவரையைக் கையால் வரைய வேண்டும். ஸ்கேல் வைத்துப் புள்ளிக்குப் புள்ளி கோடு இழுக்கிறார்கள். அதற்கென்று தனியாக ஒரு வீடியோ போடுகிறேன், ஒரு முழுத் தாளையும் உங்கள் முன்னாலேயே வரைந்து காட்டுகிறேன்.

இந்த வாரம் உங்கள் வீட்டுக்கும் விடைத்தாள் வரும். எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னால், வட்டம் எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். பிள்ளை விரல் வைத்துக் காட்டட்டும். அந்தக் கொத்தனார் அண்ணன் கையெழுத்துப் போட்டு அனுப்பிய தாள் இதோ இருக்கிறது. பையன் எழுதிய ஆறு வரிக்குக் கீழே, மைனஸ் 2 எடுத்தால் ஏன் வராது என்பதையும் வீட்டில் உட்கார்ந்து தனியாக எழுதியிருக்கிறான். நான் கேட்கவே இல்லை. அப்பாவுக்குச் சொல்லிக்கொடுப்பதற்காக எழுதினானாம்.

தூறல் விழுகிறது. தாள் நனைந்துவிடும், எடுத்துவைக்கிறேன். வரைபட வீடியோவில் பார்ப்போம்.