மணி எல்லாருக்கும் ஒண்ணா அடிக்கணும்

போன சனிக்கிழமை சாயங்காலம் காரைக்குடியில நம்ம வாசகர் கூட்டத்துல நான் பேசினது. வர முடியாதவங்க எழுத்தா போடுங்கன்னு கேட்டாங்க, அதனால ரெக்கார்டிங்க போட்டு கேட்டு டைப் பண்ணியிருக்கேன். பேசினபடியே விட்டிருக்கேன், திருத்தல.

எல்லாருக்கும் வணக்கம். முன்னாடி உக்காந்திருக்கிற ஆச்சிமார்களுக்கும், வேலை முடிச்சு நேரா இங்க வந்திருக்கிற அண்ணன் தம்பிகளுக்கும் ரொம்ப நன்றி. எனக்கு குடுத்த தலைப்பு ஊடகமும் பொறுப்பும். அது கடல் மாதிரி தலைப்பு, நான் அதுல ஒரே ஒரு விஷயத்தைத்தான் பேசப்போறேன். மைக் முன்னாடி ஒருத்தர் அடுத்தவங்க மனசு புண்படுற மாதிரி பேசிட்டா அவருக்கு என்ன தண்டனைன்னு எதை வச்சு முடிவு பண்றாங்க? பேசின வார்த்தையை வச்சா, இல்ல பேசினவர் யாருங்கறத வச்சா?

இது எனக்கு ஏன் இவ்வளவு உறுத்துதுன்னா, 2005ல நான் இங்க ஒரு லோக்கல் கேபிள் சேனல்ல எடிட்டிங் வேலை பார்த்தேன். பேர் வேணாம், இப்ப அது இல்ல. ஒரு கடைக்கு மேல மாடி ரூம், பின்னாடி ஒரு பச்சை துணி, ஒரு கேமரா, ஒரு டேபிள் ஃபேன், பேசும்போது சத்தம் வரும்னு அதையும் ஆஃப் பண்ணிருவோம். தினமும் சாயங்காலம் போன்ல பாட்டு கேக்குற லைவ் நிகழ்ச்சி. அதை நடத்தினது ஒரு பத்தொன்பது வயசு பொண்ணு, காலேஜ் முடிச்சிட்டு நேரா வரும், வேர்வையை துடைச்சிட்டு பவுடர் போட்டுக்கிட்டு உக்காந்துரும், மாசம் 1,500 ரூபாய். ஒருநாள் லைன் ரெண்டு மூணு தடவை கட் ஆச்சு. அந்தப் பொண்ணு சிரிச்சுக்கிட்டே, பக்கத்து ஊர் ஒண்ணோட பேரைச் சொல்லி, அந்த ஊர்க்காரங்க எப்பவும் மிஸ்டு கால்தானே குடுப்பாங்கன்னு சொல்லிருச்சு. கஞ்சம்னு அர்த்தம். தப்புதான், ஒரு ஊரையே அப்படி சொல்லக்கூடாது, நான் அதை நியாயப்படுத்தல. அரைமணி நேரத்துல பத்து பேர் வண்டியில வந்து படிக்கட்டுல நின்னாங்க. மொதலாளி அந்தப் பொண்ணை கேமரா முன்னாடி நிக்கவச்சு மன்னிப்பு கேக்க சொன்னாரு, கேட்டுச்சு, கேட்டு முடிச்ச கையோட நாளையில இருந்து வராதம்மான்னு அனுப்பிட்டாரு. அந்த மாசம் வேலை பார்த்த 11 நாள் சம்பளத்தையும் குடுக்கல.

ரெண்டு மாசம் கழிச்சு தீபாவளி. ஸ்பெஷல் பட்டிமன்றம், ஒரு கல்யாண மண்டபத்துல முன்கூட்டியே ரெக்கார்ட் பண்ணோம், பாத்திரக்கடை ஸ்பான்சர். வெளியூர்ல இருந்து வந்த பெரிய பேச்சாளர் ஒருத்தர் நம்ம ஊர் கல்யாணத்துல சாமான் பரப்புறத, அதான் பொண்ணுக்கு குடுக்குற சீரை எல்லாரும் பாக்க பரப்பி வைக்கிறத பத்தி பேசினாரு, பேசிட்டு, பொண்ணு நிறம் கொறைஞ்சா சாமான் எடை கூடணும்னாரு. மண்டபமே சிரிச்சுது. அந்த கேசட்டை நான்தான் எடிட் பண்ணேன், அதனால எனக்கு ஒரு ஷாட் இன்னைக்கும் கண்ணுக்குள்ளயே நிக்குது. எல்லாரும் சிரிக்கிறப்போ கேமரா அப்படியே ஆடியன்ஸ் பக்கம் திரும்புது, மூணாவது வரிசையில ஒரு பொண்ணு, மாநிறத்துக்கும் கொஞ்சம் கம்மி, மடியில தாம்பூலப் பை, அதுல இருந்த தேங்காயை கையால மெதுவா உருட்டிக்கிட்டே குனிஞ்சிருக்கு. பக்கத்துல அவங்க அம்மா. அம்மா மொதல்ல சிரிச்சாங்க, அப்புறம் பொண்ணை திரும்பிப் பார்த்தாங்க, பார்த்துட்டு சிரிப்பை நிறுத்திட்டாங்க.

நான் மொதலாளிகிட்ட போயி அண்ணே இந்த இடத்தை கட் பண்ணிரவான்னு கேட்டேன். அதுதாண்டா ஹைலைட்டு, அதை ப்ரோமோவுல வைன்னாரு. வச்சேன். மூணு தடவை போட்டாங்க. பேச்சாளருக்கு பொன்னாடை, கவர்ல பணம், அடுத்த பொங்கலுக்கும் அவர்தான்.

ரெண்டும் ஒரே சேனல், ஒரே மொதலாளி, ரெண்டு மாச இடைவெளி. ஒண்ணு லைவ்ல வாய் தவறினது, இன்னொன்னு கேசட்ல உக்காந்து பார்த்து, கேட்டு, வேணும்னே போட்டது. படிக்கட்டுல ஆள் வந்து நின்னா தண்டனை, மூணாவது வரிசையில குனிஞ்சு உக்காந்திருந்தா தண்டனை இல்ல. அந்தப் பொண்ணுக்காக யாரும் வண்டி எடுத்துக்கிட்டு வரமாட்டாங்க.

இது சின்ன ஊர் சேனல், அப்படித்தான் இருக்கும்னு நினைக்காதீங்க. உலகம் பூரா இதே கதைதான். அமெரிக்காவுல டான் ஐமஸ்னு ஒரு ரேடியோக்காரர், பெரிய ஆளு, அவரோட காலை நிகழ்ச்சி டிவியிலயும் சேர்த்து வரும். 2007 ஏப்ரல் 4ஆம் தேதி, ரட்கர்ஸ் யுனிவர்சிட்டி பெண்கள் கூடைப்பந்து டீம் ஃபைனல்ல தோத்ததுக்கு மறுநாள், அந்தப் பொண்ணுங்களோட முடியையும் நடத்தையையும் சேர்த்து கேவலமா ஒரு வார்த்தை சொன்னாரு. பெரும்பாலும் கறுப்பினப் பொண்ணுங்க, படிக்கிற புள்ளைங்க. மொதல்ல ரெண்டு வாரம் சஸ்பெண்ட், அவ்வளவுதான் சொன்னாங்க. அப்புறம் ப்ராக்டர் அண்ட் கேம்பிள், ஜெனரல் மோட்டார்ஸ் மாதிரி கம்பெனிங்க விளம்பரத்தை எடுத்துட்டாங்க, உடனே எம்எஸ்என்பிசி டிவி அவர் நிகழ்ச்சியை நிறுத்துச்சு, மறுநாள் 12ஆம் தேதி சிபிஎஸ் ரேடியோ வேலையை விட்டே தூக்குச்சு. சொன்ன வார்த்தை 4ஆம் தேதியும் அதேதான், 12ஆம் தேதியும் அதேதான். நடுவுல மாறினது விளம்பரப் பணம். அவர் அந்த மாதிரி பேசுறது அன்னைக்கு புதுசும் இல்ல, வருஷக்கணக்கா அப்படி பேசித்தான் சம்பாதிச்சு குடுத்தாரு. அதே வருஷம் டிசம்பர்ல வேற ஸ்டேஷன்ல திரும்ப மைக் கிடைச்சிருச்சு. நம்ம லோக்கல் பொண்ணுக்கு எந்த டிசம்பரும் வரல.

அதுக்கு முந்தின வருஷம், 2006 ஆகஸ்ட்ல கொழும்புல இலங்கைக்கும் தென்னாப்பிரிக்காவுக்கும் டெஸ்ட் மேட்ச். ஆஸ்திரேலியாவோட பழைய பேட்ஸ்மேன் டீன் ஜோன்ஸ் கமெண்ட்ரி. தாடி வச்ச முஸ்லிம் வீரர் ஹாஷிம் ஆம்லா ஒரு கேட்ச் புடிச்சதும், அவரை தீவிரவாதின்னு சொல்லிட்டாரு. விளம்பரம் ஓடுது, மைக் வெளிய போகாதுன்னு நினைச்சிருக்காரு, ஆனா தென்னாப்பிரிக்கால அது லைவா போயிருச்சு. டென் ஸ்போர்ட்ஸ் உடனே வேலையை விட்டு எடுத்துட்டாங்க, அவரும் மன்னிப்பு கேட்டாரு. எடுத்தது சரிதான், அந்த வார்த்தை அவ்வளவு கொடுமையானது. ஆனா யோசிச்சு பாருங்க, மைக் ஆஃப்னு நினைச்சு பேசினவர் உடனே ஊருக்கு கிளம்பிட்டாரு, நம்ம நாட்டுல மைக் ஆன்ல இருக்குன்னு நல்லா தெரிஞ்சே, கீழ தலைப்பு வேற போட்டு, ஒரு சமுதாயத்தையே அந்த வார்த்தையால ராத்திரி ஒன்பது மணிக்கு திட்டுறவங்களுக்கு மறுநாளும் அதே ஒன்பது மணி ஸ்லாட் இருக்கு.

நம்ம ஊர் புள்ளைங்களுக்கு நல்லா தெரிஞ்ச கதை ஒண்ணு, ஹர்திக் பாண்டியா, கே.எல். ராகுல். 2019 ஜனவரியில காஃபி வித் கரண் நிகழ்ச்சியில போயி பொண்ணுங்கள பத்தி, முக்கியமா பாண்டியா, மட்டமா பேசினாங்க. கிரிக்கெட் போர்டு ரெண்டு பேரையும் சஸ்பெண்ட் பண்ணி ஆஸ்திரேலியாவுல இருந்து திருப்பி அனுப்புச்சு, அப்புறம் ஆளுக்கு 20 லட்சம் அபராதம். அதுல 10 லட்சம் டியூட்டியில உயிர்விட்ட துணை ராணுவ கான்ஸ்டபிள்களோட மனைவிங்க பத்து பேருக்கு, ஆளுக்கு ஒரு லட்சமா. மீதி 10 லட்சம் பார்வையில்லாதவங்க கிரிக்கெட்டுக்கு. நல்ல காரியம், யாரும் வேணாம்னு சொல்லமாட்டாங்க, ஆனா அசிங்கப்பட்டது பொண்ணுங்க, அவங்களுக்கும் அந்தப் பணத்துக்கும் என்ன சம்பந்தம்? அதைவிட பெரிய கேள்வி, அது லைவ் இல்ல. ரெக்கார்ட் பண்ணின ஷோ. என்னை மாதிரி ஒருத்தன் எடிட் டேபிள்ல உக்காந்து அதைப் பார்த்திருப்பான், அவனுக்கு மேல ஒருத்தர் ஓகே சொல்லியிருப்பாரு. சத்தம் வந்தப்புறம் எபிசோடை எடுத்துட்டாங்க, அவ்வளவுதான். பேசினவனுக்கு 20 லட்சம், போட்டவனுக்கு ஒண்ணும் இல்ல.

இதுல ஓரளவு ஒழுங்கா நடந்ததா எனக்கு தோணுறது பிபிசி விஷயம்தான். 2008 அக்டோபர்ல பிபிசி ரேடியோவுல நிகழ்ச்சி நடத்தின ரஸ்ஸல் பிராண்ட், ஜோனதன் ராஸ் ரெண்டு பேரும் ஆண்ட்ரூ சாக்ஸ்ங்கற வயசான நடிகருக்கு போன் போட்டு, ஆன்சரிங் மெஷின்ல அவரோட பேத்தியப் பத்தி அசிங்கமா பேசி வச்சாங்க. அதுவும் ரெக்கார்ட் பண்ணி வச்சு அப்புறம் போட்டதுதான். போட்டப்ப வந்த புகார் ரெண்டே ரெண்டு, ஒரு பத்திரிகை எழுதினப்புறம் அது ஆயிரக்கணக்குல போச்சு, அந்தக் கோளாறு அங்கயும் இருக்கு. ஆனா கடைசியில பிராண்ட் ராஜினாமா பண்ணாரு, ராஸுக்கு 12 வாரம் சம்பளம் இல்லாம சஸ்பென்ஷன், அந்த ரேடியோவுக்கே தலைவியா இருந்த அம்மாவும் ராஜினாமா பண்ணாங்க, பிபிசிக்கு 1,50,000 பவுண்டு அபராதம். மேல உக்காந்திருந்தவங்க வரைக்கும் போச்சுல்ல, அதைத்தான் சொல்றேன்.

நம்ம நாட்டுல சட்டம் இல்லாம இல்ல. 1995ல வந்த கேபிள் டிவி சட்டம் இருக்கு, அதுக்கு விதிகள் இருக்கு, அதுல ஆறாவது விதி, மதத்தையோ சமுதாயத்தையோ தாக்கக்கூடாது, பெண்களை இழிவுபடுத்தக்கூடாதுன்னு தெளிவா சொல்லுது. அதை யார் மேல எப்ப எடுக்குறாங்கங்கறதுதான் கேள்வி. 2020 மார்ச்ல டெல்லி கலவரத்தை காட்டின விதம் சரியில்லன்னு மலையாள சேனல் ஏஷியாநெட் நியூஸ், மீடியா ஒன் ரெண்டையும் 48 மணி நேரம் நிறுத்தினாங்க, சத்தம் கிளம்பினதும் நேரம் முடியறதுக்கு முன்னாடியே வாபஸ். அதே நாட்டுல தினமும் விஷம் கக்குற பெரிய நியூஸ் சேனலுக்கு, அவங்களே வச்சிருக்கிற அமைப்பு போடுற அபராதம் 2023ல அதிகபட்சம் 1 லட்சமாத்தான் இருந்துச்சு. அந்த வருஷம் ஆகஸ்ட்ல சுப்ரீம் கோர்ட்டே இந்த 1 லட்சம் போதுமான்னு கேட்டுச்சு. அவங்க விளம்பரத்துல சம்பாதிக்கிறதுக்கு முன்னாடி அது டீ செலவு.

கூர்க்கா விஷயம் ஒண்ணு சொல்லணும், ஏன்னா நம்மளும் அதுல சேர்த்திதான். 2007ல டார்ஜிலிங் கூர்க்கா பையன் பிரசாந்த் தமாங், கொல்கத்தா போலீஸ்ல கான்ஸ்டபிள், இந்தியன் ஐடல்ங்கற டிவி பாட்டுப் போட்டியில ஜெயிச்சாரு. டெல்லி எஃப்எம் ஒண்ணுல ஒரு ஆர்ஜே, இவங்க பாடப்போயிட்டா வீட்டுக்கு யார் காவல் இருப்பாங்கன்னு கிண்டல் பண்ணாரு. சிலிகுரியில கலவரமே வந்துச்சு, ஊரடங்கு, ராணுவம் வரைக்கும் போச்சு, அந்த எஃப்எம் மேல நடவடிக்கை எடுத்தாங்க. அந்த ஜோக்கை நம்ம பக்கம் மேடையில எத்தனை தடவை கேட்டிருக்கோம், கூர்க்கா மாதிரி பேசிக்காட்டி எவ்வளவு கைதட்டு வாங்கியிருக்காங்க, நம்ம வீதியில ராத்திரி விசில் ஊதிக்கிட்டு போறவர் திருப்பி கேக்கமாட்டாருங்கற தைரியம்தானே அது?

இப்ப ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. இந்த இரட்டை நியாயம்ங்கற பேச்சை எடுக்கிறவங்கள்ல பாதிப்பேர் தன் ஆளை தப்பிக்க வைக்கத்தான் எடுக்குறாங்க. ஐமஸ் விஷயத்துலயும் அதே நடந்துச்சு, ராப் பாட்டுல இதே வார்த்தை வருதே, அதை விக்கிற கம்பெனிய கேட்டீங்களான்னு. அவனை விட்டீங்களே அதனால இவனையும் விடுங்கன்னா அது நியாயம் இல்ல. நான் கேக்குறது நேர் எதிர். இவனை கேட்டீங்கல்ல, அவனையும் கேளுங்க. நம்ம நகரத்தார் கோயில்ல புள்ளி வரி, அதாவது குடும்பத்துக்கு இவ்வளவுன்னு ஒரே அளவா போடுற வரி, கட்டுறவங்களுக்கு தெரியும், வளவு வச்ச பெரிய வீடா இருந்தாலும் வாடகை வீடா இருந்தாலும் புள்ளி புள்ளிதான்.

வேலையை விட்டு தூக்குறதுதான் தண்டனைன்னும் நான் சொல்லல. அந்த மிஸ்டு கால் பொண்ணுக்கு மன்னிப்பே போதும், அது கேட்டுருச்சு. அந்த பட்டிமன்றத்துக்கு, எத்தனை தடவை போட்டாங்களோ அத்தனை தடவை, அதே நேரத்துல, பேசினவரும் சேனலும் சேர்ந்து மன்னிப்பு கேட்டிருக்கணும். ராத்திரி பன்னெண்டு மணிக்கு பொடி எழுத்துல ஓட விடுறது மன்னிப்பு இல்ல.

1939ல சா. கணேசன் ஐயா கம்பன் கழகம் ஆரம்பிச்ச ஊர் இது. பட்டிமன்றத்தை ஊர் ஊரா கொண்டு போனதுல இந்த மண்ணுக்கு பெரிய பங்கு இருக்கு. நடுவர் முன்னாடி ஒரு மணி இருக்குமே, சின்ன வயசுல எனக்கு அதுதான் ரொம்ப பிடிக்கும். ஆனா கவனிச்சு பார்த்திருக்கீங்களா, புதுசா பேச வந்த பிள்ளைக்கு எட்டாவது நிமிஷம் டங்குனு அடிப்பாங்க, பெரிய பேச்சாளருக்கு பதினைஞ்சு நிமிஷம் ஆனாலும் கை மணிகிட்ட போகாது.

வர்ற ஞாயித்துக்கிழமை காலையில பத்து மணிக்கு பொங்கல் பட்டிமன்றத்துக்கு யாரை கூப்பிடறதுன்னு நம்ம பகுதி விழாக் கமிட்டி கூடுது. லைவா யூடியூப்லயும் போடறாங்க. நான் போயி ரெண்டு விஷயம் கேக்கப்போறேன். பேச்சாளர்கிட்ட முன்பணம் குடுக்கிறப்பவே, நிறம், சாதி, மதம், ஊர் வச்சு கிண்டல் பண்ணா அதே மேடையில மன்னிப்பு கேக்கணும்னு எழுதி வாங்கணும். அதே தாள்ல கமிட்டி தலைவரும் கையெழுத்து போடணும். தனி ஆளா போனா ஓரமா உக்காருப்பான்னு சொல்லிருவாங்க, ஆச்சிமார்கள்ல ஒரு நாலு பேர் கூட வந்தீங்கன்னா கேப்பாங்க. வர முடிஞ்சவங்க கூட்டம் முடிஞ்சதும் வாசல்ல என்கிட்ட பேர் சொல்லிட்டு போங்க.