சென்னைக்குப் புதுசு, பர்ஸ் இளைத்திருக்கிறது: எங்கே போகலாம்?

அடுத்த கேள்வி. திருநெல்வேலியிலிருந்து வேலைக்கு வந்து வேளச்சேரியில் ஹாஸ்டலில் இருக்கும் தங்கை ஒருவர் கேட்டிருக்கிறார்: "லீவு நாளில் மாலுக்குப் போனாலே ஐந்நூறு ரூபாய் காலி. செலவில்லாமல் இந்த ஊரில் பார்க்க என்னம்மா இருக்கிறது?"

நிறைய இருக்கிறது. ஆனால் அததற்கு ஒரு மாதம் உண்டு. விட்டால் அடுத்த வருஷம்தான்.

ஒன்றே ஒன்றுதான் போக முடியும் என்றால், பங்குனியில் மயிலாப்பூர் அறுபத்துமூவருக்குப் போங்கள். கபாலீஸ்வரர் கோயில் பங்குனிப் பெருவிழாவில் எட்டாம் நாள் அது. தேர் அதற்கு முந்தைய நாள். பலர் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். மதியத்துக்கு மேல் அறுபத்துமூன்று நாயன்மார்களும் பல்லக்குகளில் மாட வீதிகளைச் சுற்றி வருவார்கள். வழியெல்லாம் நீர்மோர், பானகம், புளியோதரை. யார் கொடுக்கிறார்கள் என்றே தெரியாது, தொன்னை மட்டும் கைக்கு வந்துவிடும். வேளச்சேரியிலிருந்து பறக்கும் ரயிலில் ஏறித் திருமயிலையில் இறங்கினால் பக்கம்தான். வண்டியில் மட்டும் வராதீர்கள், நிறுத்த இடம் கிடைக்காது. செருப்பு பழையதாக இருக்கட்டும். முதல் வருஷம் புதுச் செருப்போடு போன நான், வெறுங்காலோடு திரும்பினேன்.

இந்த ஊருக்கு இது புதுப் பழக்கமும் இல்லை. ஓணம், கார்த்திகை விளக்கு, திருவாதிரை, தைப்பூசம் என்று மயிலையின் விழாக்களை வரிசையாகச் சொல்லி, "இதையெல்லாம் காணாமலே போவாயோ?" என்று, இறந்துபோன பூம்பாவை என்ற மயிலைப் பெண்ணைத் தன் தேவாரப் பாட்டில் சம்பந்தர் கேட்கிறார். அவர் காலம் ஏழாம் நூற்றாண்டு!

அப்புறம் மார்கழி. கச்சேரி என்றாலே பணக்காரர் சமாசாரம் என்று நினைத்து நானே ரொம்ப நாள் ஒதுங்கியிருந்தேன். சாயங்காலக் கச்சேரிக்குத்தான் பெரும்பாலும் டிக்கெட். பல சபாக்களில் மதியம் இளைஞர்கள் பாடுவதை இலவசமாகவே கேட்கலாம். கூட்டம் இருக்காது, முன்வரிசையிலேயே உட்காரலாம். ராகம் தெரியவில்லையா, பரவாயில்லை. பக்கத்து மாமியிடம் மெதுவாகக் கேளுங்கள், ராகத்தோடு அவர் மருமகள் கதையும் சேர்ந்து வரும். ஒரே எச்சரிக்கை: கச்சேரிதான் இலவசம், சபா கேன்டீன் இல்லை. அடை அவியல் வாசனையில் மயங்கினால் மால் செலவு வந்துவிடும்.

பொங்கலை ஒட்டி நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் புத்தகக் காட்சி நடக்கும். நான் போன வருஷங்களில் நுழைவுச் சீட்டு பத்து ரூபாய், புத்தகங்களுக்குப் பத்து சதவீதம் கழிவு. வேலை நாளில் போனால் நிம்மதியாகப் புரட்டிப் பார்க்கலாம். அதே பொங்கல் சமயத்தில் பூங்காக்களிலும் மைதானங்களிலும் சென்னை சங்கமம் நடக்கும். பறை, கரகம், ஒயிலாட்டம் எல்லாம் காசில்லாமல்.

தனியாகப் போகத் தயக்கமாக இருக்கிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். அறுபத்துமூவருக்கு ஹாஸ்டலில் ஒருத்தியைக் கூட்டிக்கொண்டு போங்கள், அந்தக் கூட்டத்தில் துணை வேண்டும். மதியக் கச்சேரிக்குத் தனியாகவே போகலாம். பாதிப் பேர் அப்படித்தான் வந்திருப்பார்கள்.